எது ஆளை நிறுத்தும்

இடியப்பத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு
அத்தான் கேட்கிறார்:
முப்பத்தெட்டா, ஒன்பதா, நாற்பத்தைந்தா,
எது ஆளை நிறுத்தும்?

மத்திய வீதியில் அடைவு கடை அவருக்கு.
மாசி மாதம் ஒருத்தன் உள்ளே வந்தான்,
தலையில் ஹெல்மெட், கையில் துவக்கு.
நாலரை நிமிடம்.
அதற்குப் பிறகு கொழும்புக்கு ஆறு கடிதம்.
அனுமதி வந்துவிட்டது.
தெரிவு மட்டும்தான் பாக்கி.

என்னைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.
பெரியாஸ்பத்திரி தியேட்டரில் இருபத்தாறு வருடம் நின்றவள்.
சன்னங்களை அவை புறப்படும் பக்கத்தில் எனக்குத் தெரியாது,
போய்ச் சேர்ந்த இடத்தில்தான் பழக்கம்.
எவர்சில்வர் தட்டில் விழும்போது
ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குரல்.
ஒன்பது, சோற்றில் கல் கடிபட்டதுபோல.
நாற்பத்தைந்தை ஒரே ஒரு தரம்தான் கேட்டேன்,
வெறும் உண்டியலுக்குள்
ஐந்து ரூபாய்க் குத்தி விழுந்த மாதிரி.

விற்கிற ஆள் சொன்னாராம்,
ஓட்டை பெரிதென்றால் நின்ற இடத்திலேயே விழுவான்.
பிறகு சொன்னாராம்,
சின்னதென்றால் நிறைய அடைக்கலாம்,
ஒன்று பிழைத்தாலும் கைவசம் பதினான்கு.
முனை குழிந்த சன்னம் உள்ளே போய்ப் பூவாக விரியுமாம்.
பூ என்றுதான் சொன்னாராம்.

எனக்கு ஞாபகம் வருகிறவன் கிண்ணியா மீன் லொறிச் சாரதி.
வயிற்றால் புகுந்து முதுகால் போயிருந்தது ஒன்பது.
தானே ஓட்டோ பிடித்து வந்தான்.
மிச்சக் காசை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான்
ட்ரொலியில் படுத்தான்.

இன்னொருவன் சாம்பல்தீவு.
இருபத்திரண்டு, உள்ளதிலேயே சின்னது,
அக்குளுக்குக் கீழே ஒரு மச்சம் மாதிரி.
இரத்தமே இல்லையே என்றார் புது டொக்டர்.
எக்ஸ்றே கழுவி வருவதற்குள்
அவன் இல்லை.

எண்ணில் என்ன இருக்கிறது அத்தான்?
உள்ளே போனபின் அது யார் சொல்லும் கேளாது,
விலாவில் முட்டித் திரும்பும்,
தொடையில் புகுந்து இடுப்பில் கிடக்கும்.
இதயத்தில் வாங்கியவனுக்கும்
பத்துப் பன்னிரண்டு விநாடி மிச்சமிருக்கும்.
உங்கள் மேசைக்கும் கதவுக்கும் ஐந்து எட்டு.

கடையின் பின்சுவரோ பிளைவுட்.
அந்தப் பக்கம் றிஸ்மியா
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைக்கிறாள்.
அவளின் மெஷின் நிற்பதும் ஓடுவதும்
உங்களுக்குக் கேட்கிறதுதானே.
கள்ளனைத் தாண்டிப் போவது
அவளிடம்தான் போகும்.

அதோடு அந்தச் சாமான்.
நிலாவெளிப் பற்றைக்குள் கிடந்ததென்று
பொலிஸ் உங்களுக்கு எடுத்துக் காட்டினார்களே,
குழல் அடைத்த விளையாட்டுத் துவக்கு,
கறுப்புப் பெயின்ற் நகத்தோடு உரிந்து வந்தது.
ஆறு கடிதத்தில் ஒன்றிலும்
நீங்கள் அதை எழுதவில்லை.
அதன் அளவு என்ன அத்தான்?
மாசியில் நிறுத்தியது, ஆவணி வந்துவிட்டது,
கடைக் கதவு மணி அடிக்கும்போதெல்லாம்
உங்கள் கை இரண்டும்
நெஞ்சுவரை ஏறி இறங்குகிறதாம்.
அக்கா சொன்னாள்,
வெங்காயம் வெட்டிக்கொண்டு.

இதில் ஒன்றையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
அத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்,
ரிப்போட் வாங்க வந்தவர் மாதிரி.
பேசாமல் முப்பத்தெட்டை எடுங்கோ என்றேன்,
சிக்காது, துடைக்கிறதும் லேசு.
பின்சுவருக்குக் கல் வையுங்கோ என்றேன்.
கல்லுக்கு என்ன விலை போகுது தெரியுமோ என்றார்.

இரவு வேலை. ஸ்கூட்டியை எடுத்தேன்.
டொக்யார்ட் வீதித் திருப்பத்தில் இரண்டு மான்,
நடுத்தாரில்.
ஹோன் அடித்தேன், அசையவில்லை.
லைற்றைக் கூட்டிக் குறைத்தேன்.
ஒன்று பிஸ்கட் பெட்டி மட்டையைத் தின்றுகொண்டிருந்தது,
மற்றது என்னைப் பார்த்தது.
காலூன்றி நின்றேன்.
பின்னால் ஒரு பஸ்ஸும் வந்து நின்றது.

பத்து நிமிடம் பிந்திக் கையெழுத்து வைத்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
மான் என்று எழுதினேன்.